விறகு அரிதலும் சங்கிலிவாளும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் வாழும் கமக்காரர், சிறுபோக அறுவடை முடிந்தபின்னர் பெரும்போக விதைப்புக்கு முன்பாக வீட்டுக்கு வேண்டிய விறகைச் சேர்த்து வைப்பது நெடுநாள் வழக்கமாகும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் வயலில் வேலை மிகும். வளவிற் கிடக்கும் மரமும் நனைந்துவிடும். ஆதலின் வெயில் எறிக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே மரத்தைத் தறித்துப் பிளந்து அடுக்குவர். முன்னாளில் இவ்வேலைக்குக் கோடரி, கைவாள், கத்தி ஆகிய மூன்றுமே கருவிகளாயிருந்தன. இப்பொழுது நான்காவது கருவியொன்று வளவுகளுக்குள் நுழைந்துள்ளது. அது பெற்றோலினால் இயங்கும் சங்கிலிவாள், ஊர்வழக்கில் 'செயின்சோ'.

மரம் அரிவதையே தொழிலாகக் கொண்டோர் இக்கருவியைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகின்றனர். இத்துண்டுப்பிரசுரம் அவர்களுக்கென எழுதப்பட்டதன்று. நெல்லும் மரக்கறியும் பயிரிட்டுக்கொண்டு, ஆண்டில் இரண்டொரு நாள் மாத்திரம், அயலவரிடம் இரவலாகவோ வாடகைக்கோ சங்கிலிவாளைப் பெற்று, எவரிடமும் பழகாமல் தம் வீட்டு விறகைத் தாமே அரிய முற்படும் கமக்காரரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது.

விறகின் தேவை குறைந்துவிட்டதெனக் கூறமுடியாது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகைக் கொண்டே சமைத்தன. பட்டினங்களில் எரிவாயு அடுப்புப் பரவி வந்தபோதிலும், 2021, 2022 ஆம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடி பலரை மீண்டும் விறகடுப்பின் பக்கம் திருப்பியது. 2021 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் எரிவாயுச் சிலிண்டரின் விலை, 2022 ஏப்பிரிலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுத்தும் அது கிடையாமல் மக்கள் வரிசையில் நின்றதை யாவரும் அறிவர். அந்நாட்களிற் பெற்றோலும் அரிதாயிருந்தமையால் சங்கிலிவாளை ஓட்டுவது எளிதாயிருக்கவில்லை. பின்னர் பெற்றோல் கிடைத்தது. அந்நாட்களிற் கட்டிய விறகடுப்பைப் பலர் இடித்துவிடவில்லை. விறகடுப்பு எரிவதிற் குற்றமில்லை. அவ்வடுப்புக்கு விறகு வரும் வழியையே ஆராய்தல் வேண்டும்.

கோடரியின் வலிமை அதனைப் பிடித்தவரின் தோள்வலிமையேயாகும். அவர் களைத்தால் கோடரியும் களைக்கும். அவர் கை நின்றால் அதுவும் நிற்கும். சங்கிலிவாளின் வலிமையோ இயந்திரத்தினது. முழு வேகத்தில் அதன் சங்கிலி விநாடிக்கு ஏறக்குறைய 20 மீற்றர் ஓடுகின்றது. அதாவது மணித்தியாலத்துக்கு 72 கிலோமீற்றர் வேகம். கல்முனைக் கடைத்தெருவினூடே எந்தப் பேருந்தும் செல்லத் துணியாத வேகம். கோடரியால் நேரும் காயம் ஒரு வெட்டு. அதன் இரு ஓரங்களையும் பொருத்தித் தைத்துவிடலாம். சங்கிலிவாளின் பற்கள் தசையைக் கிழித்துத் துருவி அகற்றுகின்றன. இடையே தசை இல்லாது போவதால் தைப்பதற்கு நல்ல ஓரம் கிடைப்பதரிது. மரத்தூளும் எண்ணெயும் சங்கிலியில் ஒட்டிய மண்ணும் காயத்தின் ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன.

பற்கள் கோத்த சங்கிலியால் அறுக்கும் முறை முதன்முதலில் மரத்துக்கென எண்ணப்பட்டதன்று. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்து நாட்டு மருத்துவர்களாகிய ஜோன் எயிற்கன், ஜேம்ஸ் ஜெவ்றி என்போர், மனிதரின் எலும்பை அறுப்பதற்கென்றே கையால் இழுக்கும் சிறு சங்கிலிவாளை அமைத்தனர். மரம் அரிவதற்கான மின்சாரச் சங்கிலிவாளை ஜேர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் 1926 இல் அமைத்தார். பெற்றோலால் இயங்குவது சில ஆண்டுகளின் பின் வந்தது. அக்காலக் கருவிகளைத் தூக்குவதற்கு இருவர் வேண்டியிருந்தது. ஒருவர் தனியே தூக்கி அரியத்தக்கவை 1950 அளவிலிருந்தே பரவலாயின. எலும்பை அறுப்பதில் அதற்கிருந்த பழைய திறமை இன்றும் குன்றவில்லை.

வாள் எகிறுதல்

பழகாதவருக்கு நேரும் விபத்துக்களுள் மிகக் கொடியது வாள் எகிறுதலாகும். இதன் காரணத்தை விளங்கிக்கொண்டவர் அதனைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்வர்; ஆதலின் இது சற்று விரிவாகக் கூறற்பாலது.

சங்கிலி, நீண்ட தகடொன்றைச் சுற்றி ஓடுகின்றது. தகட்டின் மேல்விளிம்பில் அது பிடித்தவரை விட்டு வெளிநோக்கி ஓடி, நுனியைச் சுற்றிக்கொண்டு, கீழ்விளிம்பில் இயந்திரத்தை நோக்கி மீள்கின்றது. கீழ்விளிம்பால் அரியும்போது வாள் மரத்தை நோக்கி இழுக்கும். மேல்விளிம்பால் அரியும்போது பிடித்தவர் பக்கமாகத் தள்ளும். இவ்விரண்டும் உறுதியான கைக்கு அடங்குவன. ஆனால் நுனியின் மேற்பாகம் மரத்திலோ, மறைவாயுள்ள கிளையிலோ, நிலத்திலோ முட்டுமாயின் நிகழ்வது வேறு. அவ்விடத்திற் பற்கள் மரத்துள் ஒழுங்காக இறங்கமாட்டாமல் அதனைக் கடித்துக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருந்த சங்கிலியின் விசை முழுவதும் அக்கணமே தகட்டின்மேல் திரும்பி, அதனை மேலும் பின்னுமாக எறிகின்றது. தகடு வில்வளைவாக எழுந்து, பிடித்தவரின் முகத்தையும் கழுத்தையும் இடத்தோளையும் நோக்கி வரும். ஏறக்குறைய விநாடியின் பத்திலொரு பங்குள் இஃது நிகழ்ந்து முடிகின்றது. கண்டு விலகுவதற்கு மனிதனுக்கு அதனினும் கூடிய நேரம் வேண்டும். "நான் கவனமாகப் பிடித்துக்கொள்வேன், வந்தால் விலகிவிடுவேன்" என்று கூறுவோர் இக்கணக்கைச் சிந்தித்தல் நன்று.

எகிறும் வாளினின்று காப்பன இரண்டே. ஒன்று, முன்பிடிக்கு முன்னால் உள்ள தட்டோடு பொருத்தப்பட்ட சங்கிலித் தடை. வாள் எகிறும்போது அத்தட்டு முன்னே தள்ளப்பட்டுச் சங்கிலியை உடனே நிறுத்தும். இரவலாகவும் பழையதாகவும் கைமாறும் கருவிகளில் இத்தட்டு உடைந்தோ கழற்றப்பட்டோ இருக்கக்கூடும். அவ்வாறான கருவியை எக்காரணங்கொண்டும் இயக்குதல் கூடாது. அதனை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுதல் வேண்டும். மற்றையது, பிடிக்கும் முறை. இடக்கை முன்பிடியையும் வலக்கை பின்பிடியையும் பற்றியிருத்தல் வேண்டும். பெருவிரல் பிடியைச் சுற்றி அடியிலே வளைந்து நிற்றல் வேண்டும். மற்றைய விரல்களோடு மேலே கிடத்தல் ஆகாது. இடமுழங்கை மடியாமல் நேராக இருப்பின் எகிறும் வாள் முகத்தை எட்டுவது அரிது. நிற்பவரின் தலையும் உடலும் தகட்டுக்கு நேர்ப் பின்னால் இல்லாமல் சற்று இடப்புறம் ஒதுங்கியிருத்தல் வேண்டும். தோளின் உயரத்துக்கு மேலே வாளைத் தூக்கி அரிவதும், ஏணியிலோ கூரையிலோ மரக்கொம்பிலோ நின்றுகொண்டு அரிவதும், ஒரு கையால் வாளைப் பிடித்து மறுகையாற் கிளையைப் பிடிப்பதும் அறவே விலக்கப்பட்டவை. இவை மூன்றையும் வளவுகளிற் காண்பது அரிதன்று.

இன்னொரு வழக்கத்தையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். ஒருவர் மரத்தைக் கையாற் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் அரிவது கைவாளுக்கு ஏற்ற முறை. வீட்டில் மகனோ மருமகனோ அவ்வாறு பிடிப்பது இயல்பாகவே தோன்றும். சங்கிலிவாளுக்கு அம்முறை ஒருபோதும் ஆகாது. பிடிப்பவரின் கை ஓடுகின்ற சங்கிலிக்கு ஒரு முழத்துக்குள் இருக்கின்றது. வாள் திரும்பினால் முதலிற் படுவது அவர்மீதேயாகும்.

உடையும் நிலமும்

சங்கிலிவாளால் அதிகமாகக் காயப்படுவன கால்களும் கைகளுமே; அவற்றுள்ளும் இடக்காலின் தொடை, முழங்கால் ஆகியவையும் இடக்கையும் முற்பட்டு நிற்கும். அயல்நாடுகளில் மரவேலையாளர் இதற்கென நெய்யப்பட்ட காற்சட்டை அணிவர். அதன் உட்புறத்தே நீண்ட நார்கள் பல படைகளாக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்நார்கள் இழுபட்டு இயந்திரத்தின் பற்சில்லிற் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். கமக்காரர் ஆண்டுக்கு இரு நாள் வேலைக்கென அதனை வாங்கமாட்டார். ஆயினும் அவர் வழக்கமாக அணியும் சாரன் இதற்கு நேர்மாறான உடை என்பதை அறிதல் வேண்டும். காற்றில் அசையும் தளர்ந்த துணியைச் சங்கிலி பற்றி இழுத்தால், துணியோடு தொடையும் வாளிடம் சென்றுவிடும். தோளில் தொங்கும் துவாய், கழுத்தைச் சுற்றிய சால்வை, அவிழ்ந்த சட்டைக்கை ஆகியனவும் அவ்வாறானவையே. இறுகிய தடித்த காற்சட்டையும், விரல்களை மூடும் உரமான சப்பாத்தும், கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பும் குறைந்தபட்சம் வேண்டுவன. சங்கிலிவாளின் ஓசை 100 டெசிபெலுக்கு மேற்பட்டது. 85 டெசிபெலே நெடுநேரம் கேட்பின் செவிக்குத் தீது. அவ்வோசையில், பின்னால் ஓடிவரும் பிள்ளையின் குரல் கேளாது என்பது வேறொரு கேடு.

கரையோர வளவுகள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. நிலத்திற் கிடக்கும் மரத்தை அப்படியே அரிந்தால் மரம் அறுந்தவுடன் தகட்டு நுனி மணலுக்குட் புகும். நொடிப்பொழுது மணலில் ஓடினாலே சங்கிலி மழுங்கிவிடும். கடலோரத்தில் ஒதுங்கிய மரங்களில் மணல் பொருக்குகளுக்குள்ளும் ஏறியிருக்கும். அவற்றை அரிந்தாலும் இவ்வாறே. மழுங்கிய சங்கிலி மரத்துட் தானாக இறங்காது. பழகாதவர் அதனை உடற்பாரத்தால் அழுத்துவர். அழுத்தம் தளர்ந்த கணம் வாள் எங்கே செல்லும் என்பது அவர் அறியார். கூரிய சங்கிலி மரத்தைச் சிறு சிராய்களாக எறியும்; மழுங்கியது மாவாகத் தூவும். மரமாவைக் கண்டவுடன் வேலையை நிறுத்திச் சங்கிலியை அரத்தாற் தீட்டுதல் வேண்டும்.

வேலி மரங்களில் இன்னுமோர் அபாயம் உண்டு. பூவரசு, கிளுவை முதலிய உயிர்வேலிக் கதியால்களில் முள்ளுக்கம்பியை ஆணி அறைந்து கட்டுவது இப்பகுதி வழக்கம். ஆண்டுகள் செல்ல மரம் பருத்து அக்கம்பியையும் ஆணியையும் தன்னுள் விழுங்கிவிடும். புறத்தே பார்க்கையில் ஒரு வடு மாத்திரமே தெரியும். அதிற் சங்கிலி பட்டாற் பல்லொன்று உடைந்து பறக்கவும், சங்கிலி அறுந்து வீசப்படவும் கூடும். பழைய வேலி மரத்தைக் கோடரிக்கே விட்டுவிடுதல் நன்று.

நிற்கும் மரமும் வீழ்ந்த மரமும்

நிற்கும் மரத்தைச் சங்கிலிவாளால் வீழ்த்துவது பழகாதவருக்குரிய வேலையன்று. இதனை ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிடலாம். மரம் வீழ்த்துவோர் முதலில் மரம் விழவேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு ஆழத்துக்கு ஆப்புவடிவான வாய்வெட்டு ஒன்றை எடுப்பர். அதன் பின்னர் எதிர்ப்புறத்திலிருந்து சற்று உயரத்திற் பின்வெட்டு வெட்டுவர். ஆனால் முழுவதும் வெட்டிவிடமாட்டார். விட்டத்திற் பத்திலொரு பங்கு தடிப்பில் வெட்டாத மரத்தை நடுவே விட்டுவைப்பர். அது கதவின் பிணைச்சல் போல் நின்று, மரத்தை வேண்டிய பக்கமாக மெல்லச் சாய்க்கும். அப்பிணைச்சலை அறியாமல் அறுத்துவிட்டவர், மரம் எப்பக்கம் விழும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையும் அத்துடன் இழந்துவிடுகின்றார்.

மரம் சாயத் தொடங்கியதும் பின்புறமாகச் சாய்வாக விலகுவதற்கு வழி முன்னரே துப்புரவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறெவரும் நிற்றலாகாது. வீட்டோடு வீடு நெருங்கி, மதிலோடு மதில் ஒட்டி, மேலே மின்கம்பியும் செல்லும் கல்முனை வளவுகளில் அவ்வளவு வெளி எங்கே உளது? நாற்பது அடி உயர வேம்புக்கு எண்பது அடி வெளி வேண்டும். இத்தகைய இடங்களிற் கயிறு கட்டி, மேலிருந்து கொம்பு கொம்பாகக் கழித்து இறக்குவதே முறை. அதற்குப் பழகியவர் ஊரில் உளர். மின்கம்பிக்கு அருகேயுள்ள மரமாயின் மின்சாரப் பகுதியினருக்கு அறிவித்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்ட பின்னரே கைவைத்தல் வேண்டும்.

தென்னையைப் பற்றித் தனியே கூறவேண்டியுளது. அகத்தே வைரமுடையதை மரம் எனவும், புறத்தே வைரமுடையதைப் புல் எனவும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அவ்வகையிற் தென்னை புல்லினமேயாம். அதன் உரம் முழுவதும் புறத்தே உளது; நடுப்பாகம் மென்மையானது. ஆதலின் வேம்பிலும் மாவிலும் பிணைச்சல் தாங்குவது போலத் தென்னையில் நடுமரம் தாங்குமென நம்பமுடியாது. குலையும் மட்டையும் தாங்கிய தலைப்பாரம் உச்சியில் இருப்பதனால், சாயத் தொடங்கியபின் அது மிக வேகமாக விழும். அதன் புறமரம் சங்கிலியை விரைவில் மழுக்கவும் செய்யும். இத்தனை இடர்ப்பட்டு வீழ்த்திய பின்னரும் தென்னந்தண்டு நல்ல விறகாவதில்லை. தென்னையின் விறகு மட்டையும் பாளையும் பன்னாடையும் பொச்சும் சிரட்டையுமே. அவற்றுக்கு வாள் வேண்டியதில்லை.

நிற்கும் மரத்துக்கு அஞ்சுவோரும் வீழ்ந்த மரத்துக்கு அஞ்சுவதில்லை. அது பிழை. 1978 நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி இப்பகுதிகளிலும் எண்ணற்ற தென்னைகளையும் நிழல்மரங்களையும் சாய்த்ததை மூத்தோர் மறந்திரார். அத்தகைய பெருங்காற்று மீண்டும் வரும்போது வீதியிலும் வளவிலும் கிடக்கும் மரங்களைக் காண்பவர் கையில் இன்று சங்கிலிவாள் இருக்கும். காட்டுவேலை வழிவழியாகப் பழகிய சுவீடன் நாட்டில், 2005 ஜனவரியில் 'குட்ருன்' என்னும் புயல் ஏறத்தாழ ஏழரைக் கோடி கனமீற்றர் மரத்தைச் சாய்த்தது. அம்மரங்களைப் பின்னர் அகற்றும் வேலையிற் பலர் உயிரிழந்தனர்.

காரணம் யாதெனில், வீழ்ந்த மரம் உறங்குவதில்லை. வளைந்து கிடக்கும் மரம் நாணேற்றிய வில்லை ஒத்தது. பிளந்த மரத்தில் வைத்த ஆப்பைப் பிடுங்கி, அதனிடையே அகப்பட்டுக்கொண்ட குரங்கின் கதையைப் பிள்ளைப்பருவத்திற் கேளாதார் இலர். மரத்தினுள் அடங்கியுள்ள விசையை அறியாதவரின் கதை அது. இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவே தொய்ந்து கிடக்கும் மரத்தின் மேற்புறம் நெருக்குண்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து ஒரே வெட்டாக அரிந்தால் வெட்டு மூடிக்கொண்டு வாளைக் கவ்விவிடும். ஆகவே மேலிருந்து மூன்றிலொரு பங்கு அரிந்து நிறுத்தி, எஞ்சியதைக் கீழிருந்து மேலாக அரிதல் முறை. ஒரு முனை மாத்திரம் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்குமாயின் நிலைமை மாறும். அப்போது கீழே மூன்றிலொரு பங்கும் பின்னர் மேலிருந்தும் அரிதல் வேண்டும். மாறிச் செய்தால் மரம் நெடுகப் பிளந்து முகத்தில் அறையும். எப்பக்கம் நெருக்குண்டுளது என்று பார்த்துச் சொல்ல இயலாதவர் அம்மரத்தைத் தொடாதிருப்பதே தக்கது.

வேரோடு பெயர்ந்த மரம் யாவற்றிலும் கொடியது. அடிமரத்தை அரிந்து தலைப்பாரம் நீங்கியவுடன், மண்ணோடு பெயர்ந்து நின்ற வேர்த்தட்டு மீண்டும் தன் குழியில் விழுந்து நிமிரக்கூடும். அக்குழியினுள் பிள்ளைகள் இறங்கி விளையாடுவது இயல்பு. அரிவதற்கு முன் குழியைச் சுற்றிப் பார்த்தல் கட்டாயமாகும்.

கமக்காரர் தாமே செய்யத்தக்கது

ஆயின் கமக்காரர் சங்கிலிவாளைத் தொடவே கூடாதோ எனின், அவ்வாறன்று. பழகியவர் வீழ்த்திக் கிளை கழித்துக் கொடுத்த மரத்தை, அடுப்பின் அளவுக்குத் துண்டாடும் வேலையைப் பழகிய ஒருவரின் முன்னிலையிற் கற்றுக்கொண்டு செய்யலாம். அதற்கு இரு பக்கமும் பெருக்கற் குறிபோற் கம்புகளை நாட்டிக் கட்டிய ஒரு தாங்கி வேண்டும். மரத்தை அதன்மேற் கிடத்தினால் அது உருளாது. வாள் மணலைத் தொடாது. எவரும் அதனைப் பிடிக்கவேண்டிய தேவையும் இராது. தாங்கிக்கு வெளியே நீண்டிருக்கும் முனையை அரிந்தால் அறுந்த துண்டு தானே விழும். இரு கால்களுக்கும் இடையே அரிந்தால் வாள் கவ்வப்படும்.

கருவியை நிலத்தில் வைத்து, சங்கிலித் தடையைப் பூட்டி, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டே கயிற்றை இழுத்து இயக்குதல் வேண்டும். ஒரு கையால் தூக்கி மறுகையால் கயிற்றை இழுத்து இயக்கும் வழக்கம் பார்ப்பதற்கு வீரமாய்த் தோன்றும். தொடையிற் காயப்படுவோர் சிலர் அவ்வீரத்திலேயே காயப்படுகின்றனர். பெற்றோலுடன் கலக்கும் எண்ணெயின் அளவு கருவியோடு வரும் குறிப்பிற் கூறப்பட்டிருக்கும். பொதுவாக ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய் சேர்க்கப்படும். சூடான இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றுதல் கூடாது. ஊற்றிய இடத்தினின்று மூன்று மீற்றர் அப்பாற் சென்றே மீண்டும் இயக்குதல் வேண்டும். சங்கிலிக்குரிய எண்ணெய் வேறு தாங்கியில் ஊற்றப்படும். அது தீர்ந்தபின் ஓட்டினாற் தகடும் சங்கிலியும் சூடேறிக் கெடும்.

களைப்பு ஏற்பட்டபின் ஒரு துண்டேனும் அரிதல் ஆகாது. நோன்பு நாட்களிற் பிற்பகலில் நாவறண்டு கை தளர்ந்திருக்கும் வேளையில் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நன்று. விறகு பெருநாள்வரை காத்திருக்கும்.

காயம் நேரின்

பெருங்காயம் நேர்ந்தால் முதலில் இயந்திரத்தை நிறுத்துக. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரு கைகளாலும் விடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும். துணி நனைந்தால் அதனை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்துக. காயப்பட்டவரைக் கிடத்துக. கோப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் இடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அவை குருதியை நிறுத்துவதிலும் பார்க்கக் காயத்தை அழுகச் செய்வதற்கே உதவுவன. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். விரல் துண்டிக்கப்பட்டிருப்பின் அதனை ஈரமான சுத்தத் துணியிற் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்லுதல் வேண்டும். விரல் நேரே பனிக்கட்டியிற் படலாகாது. ஏற்புவலித் தடுப்பூசி சிறு காயத்துக்கும் வேண்டும்.

சிறு காயம் என்று விடப்படுவதே கமக்காரருக்குப் பெருங்கேடாவதுண்டு. புரட்டாதியில் முழங்காலுக்குக் கீழ் ஓர் அங்குலக் கீறல் ஏற்பட்டதெனக் கொள்வோம். அது ஆறுமுன் ஐப்பசியில் உழவும் விதைப்பும் வந்துவிடும். ஆறாத காயத்தோடு சேற்றில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றுவது எளிது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து அந்நோய்க்கிருமி காயத்தின் வழியாக உடலுட் புகுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டனர். இறங்காது வீட்டிலிருந்தாலோ வரம்பு கட்டுவதற்கும், நீர் பாய்ச்சுவதற்கும், களை பிடுங்குவதற்கும் கூலியாள் வைக்கவேண்டும். கிழமைக்கு இருமுறை சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்பவருக்கு ஒரு மாத ஓய்வு என்பது ஒரு போக வருமானத்தின் பெரும்பங்கு. நெருக்கடி நாட்களிலும் அதே வீட்டில் ஒரு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவே.

வாள் வேண்டாத விறகு

பருத்த மரத்தை வெட்டினாலன்றி விறகில்லை என்னும் எண்ணம் மாறவேண்டும். 2005 ஆம் ஆண்டில் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட கிளிரிசிடியா, கமக்காரரின் விறகுத் தேவைக்கு மிகப் பொருத்தமானது. சீமைக்கிளுவை எனவும் இதனைக் கூறுவர். ஐந்தாறு அடிக் கம்பை மழைக்காலத்தில் வேலியோரத்தில் நாட்டினால் வேர்கொள்ளும். நன்கு வளர்ந்தபின் ஆண்டுக்கு இருமுறை கிளை கழிக்கலாம். இலை தழைச்சத்து மிக்கது. வயலுக்குப் பசளையாகவும், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காகவும், கூட்டெருவுக்கும் உதவும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். எஞ்சிய கம்போ இரண்டு மூன்று அங்குலத் தடிப்புடையது. அதனைத் தறிப்பதற்குக் கத்தியும் கைவாளும் போதும், பிளக்கவும் வேண்டியதில்லை. முள்ளுக்கம்பியை அதில் ஆணி அறையாமல் கயிற்றாற் கட்டினால் பின்னாளில் எவரின் கருவியும் பழுதாகாது.

மரம் தறிக்குமுன் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலேயே ஆயினும் அனுமதியின்றி வெட்டுதல் குற்றம். சங்கிலிவாளைப் பதிவுசெய்து வைத்திருத்தல் வேண்டும் எனவும் விதியுண்டு. இவை பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரிக்கலாம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரத்திற் பல இடங்களில் நாட்டப்பட்ட சவுக்கு மரங்கள் எவருடைய அடுப்புக்கும் உரியனவல்ல.

தறித்த விறகைக் காயவைப்பதிலே பாதி இலாபம் உண்டு. பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராகும். அதனை எரிக்கும்போது நெருப்பின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலே செலவாகிப் புகையும் மிகும். காய்ந்த விறகாயின் அதே சோற்றைக் குறைந்த விறகில் ஆக்கலாம். இரண்டு வரிசைக் கற்களின்மேற் கம்புகளைக் கிடத்தி, நிலத்தினின்று ஒரு சாண் உயர்த்தி, துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் புகும்படி அடுக்குதல் வேண்டும். கடற்காற்று வீசும் பக்கத்தைத் திறந்துவிட்டு, மேலே மாத்திரம் கிடுகாலோ தகரத்தாலோ மூடுக. ஆனியிலும் ஆடியிலும் கழித்த கம்புகளை இவ்வாறு அடுக்கிவைத்தால், ஐப்பசி மழை விழும் நாளில் அவை முறிக்கும்போது சடக்கென ஒலிக்கும் அளவுக்கு உலர்ந்திருக்கும்.